பல்கேரியக் கோயில்கள்: ஆர்த்தடாக்ஸா, கத்தோலிக்கமா? கேள்வி பதில்

கே: சோபியாவில் இரண்டு நாள் தங்குகிறோம் அண்ணா. அலெக்சாண்டர் நெவ்ஸ்கி பேராலயம் தவிர வேறென்ன பார்க்கலாம்?

ப: நெவ்ஸ்கியை எப்படியும் பார்த்துவிடுவீர்கள் தம்பி, அந்தத் தங்கக் கும்மட்டம் கண்ணில் படாமல் போகாது. பல்கேரியாவை ஒட்டோமான் ஆட்சியிலிருந்து விடுவித்த 1877-78 ரஷ்ய-துருக்கிப் போரில் மாண்ட ரஷ்ய வீரர்கள் நினைவாக எழுந்தது. 1882இல் அடிக்கல், அபிஷேகம் 1924இல்தான். பிரம்மாண்டம்தான், ஆனால் எனக்கு அதற்கு மேல் ஒன்றும் தோன்றியதில்லை.

அரை நாளை போயானாவுக்கு ஒதுக்குங்கள். விதோஷா மலையடிவாரத்தில் சின்னஞ்சிறு கோயில்; உள்ளே 1259இல் தீட்டிய சுவரோவியங்கள். கோயிலை விரிவாக்கிய பிரபு கலோயான் அதன் சிறு உருவத்தைக் கையில் ஏந்தி நிற்பார், பக்கத்தில் மனைவி தெசிஸ்லாவா. அந்த அம்மாள் முகத்தைப் பாருங்கள், நேற்று யாரோ எதிரில் உட்கார வைத்து வரைந்த மாதிரி இருக்கும். இயேசுவின் கடைசி இராவுணவுக் காட்சியில் மேசை மேல் பூண்டும் முள்ளங்கியும்! சிறு குழுவாகத்தான் விடுவார்கள், பத்து நிமிடத்தில் வெளியே அனுப்பிவிடுவார்கள். முதலில் தெசிஸ்லாவாவிடம் போய்விடுங்கள்.

கே: ஒரு கோயில் யாருடையது என்று பார்த்ததும் கண்டுபிடிக்க முடியுமா?

ப: வெளியிலிருந்து கஷ்டம். உள்ளே பீடத்தை மறைத்துத் திருப்படங்கள் நிறைந்த தடுப்பு இருந்து, சுரூபம் (புனிதர் சிலை), ஆர்கன், வரிசை வரிசையாகப் பெஞ்சு எதுவும் இல்லையென்றால் பெரும்பாலும் ஆர்த்தடாக்ஸ். 'பெரும்பாலும்' என்று இழுப்பதற்குக் காரணம் உண்டு. 1860இல் ஒரு பிரிவு பல்கேரியர்கள் ரோமோடு இணைந்தார்கள், தங்கள் பழைய வழிபாட்டு முறையை விடாமலே. அந்தக் கிழக்கு முறைக் கத்தோலிக்கர் கோயிலிலும் அதே தடுப்புதான். பூசையில் பாப்பரசர் பெயரைச் சொல்லி வேண்டினால் கத்தோலிக்கம்.

கே: நமக்குப் பழகிய லத்தீன் முறைப் பூசை எங்கே கிடைக்கும்?

ப: சோபியாவில் சூசையப்பர் பேராலயம். பழைய கட்டடம் 1944 குண்டுவீச்சில் போய்விட்டது, இப்போதுள்ளது 2006இல் திறந்தது. ப்ளோவ்திவில் புனித லூயிஸ் பேராலயம். மன்னர் மூன்றாம் போரிஸின் தாய் மரி லூயிஸின் கல்லறை அங்கேதான். ஊரே கத்தோலிக்கமாக இருப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் ப்ளோவ்திவ் பக்கத்தில் ரகோவ்ஸ்கிக்குப் போங்கள். 2019 மே மாதம் பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே 245 பிள்ளைகளுக்குப் புதுநன்மை (முதல் நற்கருணை) கொடுத்தார்.

கே: ரூசே நகரில் ஆர்த்தடாக்ஸ் கோயிலுக்குள் படியிறங்கிப் போனோம். நிலத்துக்கு அடியில் ஏன் கட்டினார்கள்?

ப: அது 1632இல் கட்டிய திரித்துவக் கோயில். ஒட்டோமான் ஆட்சியில் கிறிஸ்தவக் கோயில் ஓங்கி நிற்கக் கூடாது. உயரத் தடை, ஆழத்துக்குத் தடையில்லை, தோண்டிவிட்டார்கள். அதே ஊரில் கோதிக் பாணியில் உயர்ந்து நிற்கும் கத்தோலிக்கப் பேராலயம், அந்த ஆட்சியிலிருந்து விடுதலை பெற்றதற்குப் பிந்தியது. இரண்டையும் ஒரே நாளில் பாருங்கள், வரலாற்றுப் புத்தகம் தேவையில்லை.

கே: பொசில்கோவ் என்ற ஆயர் பெயர் அடிக்கடி காதில் விழுகிறதே?

ப: பெலேனேயில் பிறந்தவர், நிக்கோப்பொல் ஆயர். உளவாளி என்று கம்யூனிச அரசு வழக்கு ஜோடித்து, 1952 நவம்பர் 11 இரவு சுட்டுக் கொன்றது. உடலைக் குடும்பத்தாருக்குக் கொடுக்கவில்லை. 1998இல் அருளாளர் பட்டம், அதாவது புனிதர் பட்டத்துக்கு முந்திய படி.

கே: ஆர்த்தடாக்ஸ் கோயிலில் நான் நன்மை (நற்கருணை) வாங்கலாமா?

ப: கூடாது அக்கா, கத்தோலிக்கருக்குத் தரமாட்டார்கள். மெழுகுவர்த்தி ஏற்ற யாரும் தடுக்க மாட்டார்கள். மெழுகுவர்த்தி வைக்கும் இடத்தில் மேல்தட்டு உயிரோடிருப்பவர்களுக்கு, கீழே இருக்கும் மணல் தட்டு இறந்தவர்களுக்கு. மாற்றி வைத்தால் பக்கத்திலுள்ள பாட்டி திருத்தாமல் விடமாட்டார்.

கே: அங்கே கிறிஸ்துமஸ் ஜனவரி 7தானே?

ப: இல்லை, அது ரஷ்யாவில். பல்கேரிய ஆர்த்தடாக்ஸ் சபை 1968லேயே நாள்காட்டியை மாற்றிக்கொண்டது, டிசம்பர் 25தான். ஈஸ்டர் மட்டும் பழைய கணக்கு. டிக்கெட் எடுக்கும் முன் தேதியைப் பார்த்துவிடுங்கள்.