வக்கீல் பதில்கள்: முத்துவேல் நல்லவரா?

கேள்வி: ‘விசாரணை’ படத்தை இப்போதுதான் பார்த்தோம். சமுத்திரக்கனி நடித்த இன்ஸ்பெக்டர் முத்துவேல் நல்லவரா, கெட்டவரா? வீட்டில் பெரிய வாக்குவாதமே நடந்துவிட்டது.
– வாசகி, கரூர்

முடிவைச் சொல்லாமல் இதற்குப் பதில் எழுத முடியாது. படம் பார்க்காதவர்கள் அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள்.

செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளச் சொல்லி ஆந்திர போலீஸ் அடித்த தமிழ்ப் பையன்கள், குண்டூர் கோர்ட்டில் பேசுவது நீதிபதிக்குப் புரியவில்லை. வேறு வேலையாக வந்த முத்துவேல்தான் மொழிபெயர்க்கிறார். இரண்டு வார்த்தையை விழுங்கியிருந்தால் ஆந்திர போலீஸுக்கு வசதி. அவர் விழுங்கவில்லை, பையன்கள் வெளியே வருகிறார்கள். அங்கே அவர் நல்லவர், சந்தேகமே இல்லை. ஆனால் அரசியல் தொடர்புள்ள ஆடிட்டர் கே.கே.யைச் சட்டத்துக்குப் புறம்பாகத் தூக்குவதற்கு அதே பையன்களைத் துணைக்கு அழைப்பவரும் அவர்தான். மேலிடம் சொன்னது, செய்தார். என்னைக் கேட்டால் அவர் சறுக்கிய இடம் அதுதான். ஸ்டேஷனில் கே.கே. சாவதும், அதைத் தற்கொலையாக ஜோடிப்பதும், விஷயம் தெரிந்துவிட்ட பையன்களைத் தீர்த்துக்கட்டச் சொல்வதும் அதிலிருந்துதான் வரிசையாக வருகின்றன. அவருக்கு மனசாட்சி உறுத்தும்போது அவரே ஒரு சாட்சியாகிவிட்டார். சாட்சியை விட்டுவைப்பார்களா?

முதல் பாதி அடியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னை உலுக்கியது இரண்டாம் பாதி. பையன்கள் பூஜைக்காக ஸ்டேஷனைக் கழுவித் துடைக்கிறார்கள். அதே கட்டடத்தில் பண பேரம் ஓடுகிறது. லாக்கப்பில் விழும் அடிக்கும் அந்தப் பணத்துக்கும் உள்ள தொடர்பை இவ்வளவு தெளிவாகச் சொன்ன தமிழ்ப் படம் எனக்கு வேறு நினைவில் இல்லை.

கேள்வி: இது உண்மைக் கதையா?
– வாசகர், தேனி

முதல் பாதிக்கு ஆதாரம், கோவை ஆட்டோ ஓட்டுநர் மு.சந்திரகுமார் குண்டூரில் தான் பட்டதை எழுதிய ‘லாக்கப்’. மீதி வெற்றிமாறன் எழுதிச் சேர்த்தது. ஆனாலும் அந்த முடிவைப் பார்க்கும்போது, 2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் ஐந்து பேரைப் போலீஸ் சுட்டுக் கொன்றது சென்னைக்காரர்களுக்கு நினைவுக்கு வரும்.

கேள்வி: அடித்து வாங்கிய ஒப்புதல் கோர்ட்டில் செல்லுமா? செல்லாது என்றால் ஏன் அப்படி அடிக்கிறார்கள்?
– கல்லூரி மாணவர், திண்டுக்கல்

செல்லாது. போலீஸிடம் கொடுத்த ஒப்புதலைக் குற்றம்சாட்டப்பட்டவருக்கு எதிராகப் பயன்படுத்தக் கூடாது என்று பழைய சாட்சியச் சட்டம் 25ஆம் பிரிவு சொன்னது. 2024 ஜூலை முதல் அமலில் இருக்கும் பாரதிய சாக்ஷிய அதிநியமில் அது 23ஆம் பிரிவு. ஆனால் அந்த வாக்குமூலத்தைக் கொண்டு திருட்டு நகையையோ ஆயுதத்தையோ கண்டெடுத்தால், கண்டெடுக்க உதவிய பகுதி மட்டும் செல்லும். நீதிபதி முன்னால் ‘நான்தான் செய்தேன்’ என்று சொன்னால் அதுவும் செல்லும். பெரிய மனிதர் வீட்டுத் திருட்டு, கேஸை உடனே முடி என்று மேலிருந்து நெருக்கடி. அப்போது ஸ்டேஷனில் விழும் ஒவ்வொரு அடியும், நாளைக்கு நீதிபதி முன்னால் அவன் என்ன சொல்ல வேண்டும் என்பதற்கான பாடம்தான்.

கைதானவரைக் காவலில் வைக்க மாஜிஸ்திரேட்டிடம் உத்தரவு வாங்கும் ரிமாண்டுக்கு நான் போகும்போதெல்லாம் பார்ப்பது இது. ராத்திரி நேரம், மாஜிஸ்திரேட் வீட்டு வராந்தா. “போலீஸ் அடிச்சாங்களா?” என்று கேட்பார். பையன் மாஜிஸ்திரேட்டைப் பார்க்க மாட்டான், பக்கத்தில் நிற்கும் ஏட்டைப் பார்ப்பான். “இல்லைங்கய்யா” என்பான். எழுதிக்கொள்வார்கள். திரும்ப அதே ஜீப்பில்தானே ஏற வேண்டும்? போலீஸைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்கும் மாஜிஸ்திரேட்டுகளும் இருக்கிறார்கள். அவர்களிடம் பையன்கள் சட்டையைத் தூக்கிக் காட்டியதை நானே பார்த்திருக்கிறேன்.

கேள்வி: என் மகன் எஸ்.ஐ. தேர்வில் பாஸாகிப் பயிற்சிக்குப் போகிறான். இந்தப் படத்தைப் பார்க்கச் சொல்லலாமா?
– ஒரு தாய், புதுக்கோட்டை

கட்டாயம் சொல்லுங்கள் அம்மா. கூடவே நீங்களும் உட்கார்ந்து பாருங்கள், மனசு கனக்கும், பரவாயில்லை. லாக்கப் சாவுகள் பற்றிய டி.கே. பாசு வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுகளையும் படிக்கச் சொல்லுங்கள். கைதுக் குறிப்பில் நேரம், தேதி, ஒரு சாட்சியின் கையெழுத்து இருக்க வேண்டும், வீட்டுக்குத் தகவல் போக வேண்டும், 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும் என்பது அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது. ஸ்டேஷனுக்குப் போனதும், “நேரத்தை மட்டும் இப்போ எழுதாதப்பா, அப்புறம் போட்டுக்கலாம்” என்று ஒரு சீனியர் நல்லவிதமாகவே சொல்வார். அன்றைக்கு உங்கள் மகன் கடிகாரத்தைப் பார்த்து உள்ள நேரத்தை எழுதட்டும்.