கிறிஸ்துமஸின் உண்மையான பொருள் என்ன? விளக்கு அலங்காரத்திலும் வியாபாரத்திலும் அது தொலைந்துவிட்டதா?

கேள்வியின் இரண்டாம் பாதிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: தொலையவில்லை. நவம்பரிலேயே கடைவாசல்களில் நட்சத்திரங்கள் தொங்குவதும் கேக் விளம்பரங்கள் வருவதும் எனக்குப் பெரிய உறுத்தலாகப் படுவதில்லை. பண்டிகை என்றால் கொடுக்கல் வாங்கல் இருக்கத்தான் செய்யும். விசுவாசிகளாகிய நாமே அந்தப் பிறப்பின் கதையிலிருக்கும் துயரத்தை விலக்கிவிட்டு, அழகான குழந்தையும் ஆட்டுக்குட்டியும் இருக்கும் படமாக மட்டும் அதைச் சுருக்கிக்கொள்வதுதான் எனக்கு வருத்தம் தருகிறது.

பைபிளில் லூக்கா நற்செய்தியின் 2ஆம் அதிகாரத்தை நிதானமாக வாசித்துப் பாருங்கள். ரோமப் பேரரசன் அகுஸ்து சீசர் பிறப்பித்த குடிக்கணக்கு ஆணைக்குக் கட்டுப்பட்டு நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்குப் பயணப்படுகிறாள். விடுதியில் இடமில்லாததால் பிள்ளையைத் துணியில் சுற்றித் தீவனத் தொட்டியில் கிடத்துகிறாள். அந்தச் செய்தி முதலில் போய்ச் சேருவது வயல்வெளியில் இராக்காவல் இருந்த இடையர்களுக்கு. இன்னொரு நற்செய்தியாளரான மத்தேயு எழுதியதோ இன்னும் கடுமையானது: மன்னன் ஏரோதின் ஆணையால் பெத்லகேமிலும் சுற்றுப்புறங்களிலும் இரண்டு வயதுக்கு உட்பட்ட ஆண் குழந்தைகள் கொல்லப்பட, இந்தக் குடும்பம் இரவோடு இரவாக எகிப்துக்குத் தப்பிச் செல்கிறது. கத்தோலிக்கத் திருச்சபை இதை மறக்கவிடாமல், டிசம்பர் 26 அன்று கல்லெறிந்து கொல்லப்பட்ட புனித ஸ்தேவானையும், 28 அன்று அந்த மாசில்லாக் குழந்தைகளையும் நினைவுகூரச் செய்கிறது. அண்டை வீடுகளுக்குப் பலகாரத் தட்டுகள் போய்க்கொண்டிருக்கும் அதே நாட்களில்தான் இவையும் வருகின்றன. உலகம் சீர்ப்படட்டும் என்று கடவுள் காத்திருக்கவில்லை, அது இருக்கிற இருப்பிலேயே, அதுவும் அதிகாரத்தால் கைவிடப்பட்டவர்கள் பக்கமாக, வந்து பிறந்தார் என்பதே நான் நம்பும் கிறிஸ்துமஸ்.

இதை அசிசி நகரத்துப் புனித பிரான்சிஸ் அளவுக்கு உணர்ந்தவர் வேறு யாரும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. 1223ஆம் ஆண்டு, தாம் இறப்பதற்கு மூன்றாண்டுகளுக்கு முன், இத்தாலியின் கிரேச்சோ என்ற மலைக்கிராமத்தில் உண்மையான தீவனத் தொட்டியும் வைக்கோலும் கொண்டுவரச் செய்து, மாட்டையும் கழுதையையும் நிறுத்தி, அங்கேயே கிறிஸ்துமஸ் திருப்பலி வழிபாடு நடக்க ஏற்பாடு செய்தார். அந்தக் குழந்தை பட்ட வசதிக்குறைவைக் கண்ணாலேயே காண வேண்டும் என்பதுதான் அவருடைய விருப்பம். ஊர்மக்கள் தீப்பந்தங்களோடும் மெழுகுவர்த்திகளோடும் வந்து கூடினார்கள். அன்று பணக்காரர்கள் ஏழைகளின் பசியாற்ற வேண்டும், மாடுகளுக்கும் கழுதைகளுக்கும் வழக்கத்தைவிடக் கூடுதலாகத் தீவனம் வைக்க வேண்டும், பறவைகளுக்கு வழியெங்கும் தானியம் தூவ வேண்டும் என்றெல்லாம் அவர் ஆசைப்பட்டதாக அவருடைய வரலாற்றை எழுதிய செலானோ தோமா குறித்திருக்கிறார்.

இயேசு பிறந்த காட்சியைக் காட்ட எங்கள் வீட்டில் அமைக்கும் குடிலும் அந்த வழிவந்ததுதான். கேழ்வரகை ஊறவைத்து அகலச் சட்டியில் தூவி முளைக்கவிடுவோம். அந்தப் பச்சைப் பயிர்தான் குடிலுக்குப் புல்வெளி. குழந்தை இயேசுவின் சொரூபத்தை மட்டும் முன்கூட்டியே வைப்பதில்லை. கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஆயத்தக் காலமான திருவருகைக் காலத்தின் ஞாயிறுகளில் கோவிலில் பாடப்படாத வானவர் கீதம், நள்ளிரவுத் திருப்பலியில் மணிகள் ஒலிக்க மறுபடியும் எழும்பும்போது எனக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். வீட்டுக்குத் திரும்பிய பிறகே சொரூபம் குடிலில் இடம்பெறும்.

பண்டிகையின் ஆவி இன்று எங்கே இருக்கிறது என்று கேட்டால், எங்கள் பங்கில், அதாவது எங்கள் கோவிலைச் சேர்ந்த வட்டாரத்தில், ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையினரைத்தான் காட்டுவேன். அரிசியும் துணியும் வாங்க அவர்கள் வீடு வீடாகப் பணம் திரட்டுவார்கள். உதவி பெறும் குடும்பங்கள் எந்த மதத்தவை என்று பார்ப்பதில்லை. அதைவிட நான் மதிப்பது, துணியை டிசம்பர் முதல் வாரத்திலேயே கொடுத்துவிடுவதை. பண்டிகை நெருங்கினால் தையற்கடையில் தைப்பதற்குப் புதிதாகத் துணி எதையும் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள். முன்னதாகக் கொடுத்தால்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளும் மற்றவர்களைப் போலவே தைத்த புதுச்சட்டையோடு கோவிலுக்கு வர முடியும்.