சொகுசு வாட்ச்சை முதல்முறை நேரடியாக விற்பவர்களுக்கு: கேள்வி பதில்

சார், கடைக்காரர் ஒரு விலை சொல்கிறார். இணையத்தில் அதே மாடல் எங்கேயோ நிற்கிறது. எதை நம்பி விலை வைப்பது?

இணையத்தில் நீங்கள் பார்ப்பது விற்பவர் கேட்கும் விலை. மாதக்கணக்கில் விலைபோகாமல் கிடக்கும் விளம்பரங்களும் அந்தப் பட்டியலில்தான் இருக்கின்றன. ஏலத் தளங்களில் விற்று முடிந்தவற்றை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்க்கலாம். கடைசி 3 மாத விற்பனையை எடுங்கள். மாடல் பெயர் ஒன்றாக இருந்தால் போதாது, ரெஃபரன்ஸ் எண் (அந்த மாடலின் துல்லியமான வகையைக் குறிக்க நிறுவனம் தரும் குறியீடு) கடைசி எழுத்துவரை பொருந்த வேண்டும். டயல் நிறம் மாறினாலே விலை மாறும். பெட்டி, வாரன்டி கார்டு இல்லாத வாட்ச்சை அவை இல்லாதவற்றோடுதான் ஒப்பிட வேண்டும். கடைக்காரர் தன் லாபத்தையும் சர்வீஸ் செலவையும் கழித்துக்கொண்டுதான் விலை சொல்வார். அந்தத் தொகைக்குக் கீழே நீங்கள் இறங்கத் தேவையில்லை.

கேஸில் (வாட்ச்சின் உலோக உடலில்) மெல்லிய கீறல்கள் இருக்கின்றன. பாலிஷ் போட்டுவிடலாமா?

தயவுசெய்து வேண்டாம். பாலிஷ் என்றால் உலோகத்தைத் தேய்த்து எடுப்பது. லக்குகளின் (பட்டையைப் பிடித்திருக்கும் கேஸின் நீட்சிகள்) கூரான விளிம்பு மழுங்கிவிட்டால் பழையபடி கொண்டுவருவது கடினம்; விவரம் தெரிந்தவர் முதலில் பார்ப்பதும் அந்த விளிம்பைத்தான். பிரேஸ்லெட்டைக் கழற்றி, அதை மட்டும் வெதுவெதுப்பான நீரில் 2 சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, மென்மையான பிரஷ்ஷால் தேயுங்கள். கேஸை லேசாக ஈரமான துணியால் துடைத்தால் போதும். தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் பழசாகியிருந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிடும்.

சர்வீஸ் செய்துவிட்டு விற்றால் கூடுதல் விலை கிடைக்குமா அண்ணா?

நன்றாக ஓடுகிற வாட்ச்சுக்குச் செய்யும் சர்வீஸ் செலவு பெரும்பாலும் விலையில் திரும்பாது. நல்ல வாட்ச் மெக்கானிக்கிடம் கொடுத்து டைம்கிராஃபரில் (வாட்ச்சின் ஓட்டத்தை அளக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். முழுதாகச் சாவி கொடுத்து, டயல் மேல்நோக்கி இருக்கும்போது ஆம்ப்ளிட்யூட் (உள்ளே ஆடும் சமநிலைச் சக்கரத்தின் வீச்சு) 270 முதல் 310 டிகிரி இருந்தால் பொதுவாக நல்ல நிலை. 220-க்குக் கீழே இறங்கினால் எண்ணெய் வறண்டிருக்கலாம். அதைச் சொல்லியே விற்றுவிடுங்கள். திடீரென நாளுக்குச் சில நிமிடங்கள் வேகமாக ஓட ஆரம்பித்தால் காந்தம் ஏறியிருக்க வாய்ப்பு அதிகம். காந்தம் நீக்கும் கருவியில் சில நொடி வேலைதான்.

மெக்கானிக் பின்மூடியைத் திறந்தால் உள் இயந்திரத்தை எண் தெரியும்படி படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவர் நாளை பாகத்தை மாற்றிவிட்டு, 'இது ஒரிஜினல் இல்லை' என்று வந்து நின்றால் அந்தப் படம்தான் உங்களுக்குச் சாட்சி.

இருட்டில் ஒளிரும் டிரிடியம் பூசிய பழைய டயல் உள்ள வாட்ச்சாக இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். சர்வீஸ் மையம் டயலையும் முட்களையும் புதிதாக மாற்றிவிட்டால், சேகரிப்பவர்கள் மதிக்கிற அந்த மஞ்சளேறிய தோற்றம் போய்விடும்.

விளம்பரப் படத்தில் சீரியல் எண்ணைக் காட்ட வேண்டுமா?

முழுதாகக் காட்டாதீர்கள். போலி வாட்ச்சில் பொறிக்கவும், உங்கள் படத்தை வைத்துப் பொய் விளம்பரம் போடவும் அது உதவும். பழைய ரோலெக்ஸில் எண் 6 மணிப் பக்க லக்குகளுக்கு நடுவே இருக்கும். புதியவற்றில் டயலைச் சுற்றிய உள்வளையத்தில் இருப்பதால் நேர்ப் படத்திலேயே விழுந்துவிடும். பலர் மறைக்க மறப்பது வாரன்டி கார்டில் இருக்கும் எண்ணை. அன்றைய தேதியையும் உங்கள் பயனர் பெயரையும் எழுதிய காகிதத்தை வாட்ச்சுக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் எடுங்கள். கீறல்களைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள், அப்போதுதான் தெரியும். பிரேஸ்லெட்டில் எத்தனை லிங்க் இருக்கிறது என்பதையும் எழுதிவிடுங்கள்.

வாங்குபவர் வீட்டுக்கே வருகிறேன் என்கிறார். பணம் அனுப்பிய ஸ்க்ரீன்ஷாட் காட்டினால் கொடுத்துவிடலாமா?

இரண்டுமே கூடாது. வாட்ச் இருக்கும் வீடு எது என்று அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. வேலை நேரத்தில் வங்கிக் கிளைக்குள் சந்தியுங்கள்.

ஸ்க்ரீன்ஷாட், குறுஞ்செய்தி, மின்னஞ்சல் எல்லாவற்றையும் போலியாகச் செய்யலாம். நீங்களே உங்கள் கணக்கைத் திறந்து, தொகை ஏறியிருப்பதைப் பார்த்த பிறகுதான் வாட்ச் கைமாற வேண்டும். காசோலைத் தொகை கணக்கில் தெரிந்த பிறகும் திரும்பிப் போகலாம். கார்டு வழியாக வந்த பணத்தை, வாங்கியவர் புகார் கொடுத்து வாரங்கள் கழித்துக்கூடத் திரும்பப் பெற முடியும். 'தவறுதலாகக் கூடுதலாக அனுப்பிவிட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்கள்' என்பது பழைய தந்திரம்: நீங்கள் அனுப்பியது நிஜப் பணம், அவர் அனுப்பியது ரத்தாகிவிடும். கணக்கின் பெயரும் எதிரில் நிற்பவரின் அடையாள அட்டையும் ஒத்துப்போகாவிட்டால் விற்காதீர்கள். வேறு யாரையோ ஏமாற்றி வாங்கிய பணமாக இருந்தால் உங்கள் கணக்கு முடங்கும். ரொக்கம் என்றால் கவுன்ட்டரிலேயே கட்டிவிடுங்கள், கள்ள நோட்டு அங்கேயே தெரிந்துவிடும்.

வாட்ச்சை அவர் லென்ஸ் வைத்துத் தாராளமாகப் பார்க்கட்டும், ஆனால் உங்கள் கண்ணை விட்டு அகலக் கூடாது. பேரம் படியாமல் திருப்பிக் கொடுத்தால், சீரியல் எண்ணைச் சரிபார்த்துவிட்டே பெட்டியில் வையுங்கள். அதே மாதிரியான போலியைத் திருப்பிக் கொடுப்பவர்கள் உண்டு.

பேரம் படிந்தால் ரசீது 2 பிரதி: ரெஃபரன்ஸ் எண், சீரியல் எண், தொகை, தேதி, இருவர் கையெழுத்து, 'உள்ளது உள்ளபடி விற்கப்பட்டது' என்ற வரி.

வெளியூருக்குக் கூரியரில் அனுப்பினால்?

முதலில் கூரியரின் நிபந்தனைகளைப் படியுங்கள். பல நிறுவனங்கள் வாட்ச்சையும் நகையையும் இழப்பீட்டிலிருந்து விலக்கி வைத்திருக்கின்றன. நீங்கள் இன்சூரன்ஸ் கட்டியிருந்தாலும் பைசா வராது. கிரவுனை (பக்கவாட்டில் இருக்கும் சாவிக் குமிழ்) திருகி மூடுங்கள். பிரேஸ்லெட்டின் கொக்கி பின்மூடியை உரசாமல் நடுவில் மென்துணி வையுங்கள். பெட்டிக்குள் பெட்டியாகக் கட்டி, வெளியே பிராண்ட் பெயர் எதுவும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சீரியல் எண்ணிலிருந்து டேப் ஒட்டி முடிக்கும்வரை ஒரே வெட்டில்லா வீடியோவாக எடுங்கள். பார்சலின் எடையை ரசீதில் எழுதி வாங்குங்கள். வழியில் பொருள் மாயமானால் அந்த எடை வித்தியாசம்தான் ஆதாரம்.

முதலைத் தோல் ஸ்டிராப் உள்ள வாட்ச்சை வேறு நாட்டுக்கு அனுப்பலாமா?

ஸ்டிராப்பைக் கழற்றிவிட்டு அனுப்புங்கள். முதலைத் தோல், அழியும் அபாயமுள்ள உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் (CITES) ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டில் வருகிறது. அனுமதிப் பத்திரம் இல்லாவிட்டால் சுங்கத்தில் பிடித்துவைப்பார்கள். ஒரிஜினல் பக்கிளை மட்டும் மறக்காமல் உள்ளே வைத்துவிடுங்கள், அதற்குத் தனி விலை உண்டு.