லாரி பழுதாகி நின்றால், கிரேன்காரர் பிற்பாடு தொகையை ஏற்றாமல் இருக்க என்ன செய்வது?

கொக்கி மாட்டும் முன் பேசிவிடுங்கள். வண்டி தூக்கிய பிறகு பேரம் பேச உங்களிடம் எதுவும் இருக்காது.

போனில் "லாரி நின்னுடுச்சு" என்று மட்டும் சொன்னால் பாதி விவரம் போய்ச் சேராது. எத்தனை சக்கரம், லோடு உள்ளதா, மொத்த எடை எத்தனை டன், சாலையில் நிற்கிறதா, பள்ளத்தில் இறங்கிவிட்டதா எனச் சொல்லுங்கள். சிறிய கிரேன் வந்து தூக்க முடியாமல் திரும்பினாலும் வாடகை கேட்பார்கள்.

பிறகு கேட்க வேண்டியவை: கிலோமீட்டர் கணக்கு கிரேன் கிளம்பும் இடத்திலிருந்தா, லாரி நிற்கும் இடத்திலிருந்தா? திரும்பிப் போகும் தூரம், டோல், காத்திருப்பு, வண்டியை நிறுத்தி வைக்கும் யார்டுக்கான வாடகை யார் பொறுப்பு? தகராறு பெரும்பாலும் இங்கேதான் வரும். இன்ஜின் ஓடாதபோது கியர்பாக்ஸில் ஆயில் சுற்றாது. அதனால் பின்சக்கரம் உருள இழுத்தால், கியர்பாக்ஸையும் பின் அச்சையும் இணைக்கும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைக் கழற்ற வேண்டும். பிரேக்கின் காற்றழுத்தம் இறங்கி ஸ்பிரிங் பிரேக் தானாகப் பிடித்திருந்தால் அதையும் விடுவிக்க வேண்டும். இந்த இரண்டு வேலைக்கும் கூலி தனியா என்று கேளுங்கள். பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள், வாய்ப்பேச்சு போதாது.

தேசிய நெடுஞ்சாலை என்றால் முதலில் நெடுஞ்சாலை உதவி எண்ணான 1033-ஐ அழையுங்கள்.

காப்பீட்டை நம்பி அதிகத் தொகைக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள். வழக்கமான சரக்கு வாகன பாலிசியில் இழுவைச் செலவு ஒரு விபத்துக்கு ரூ.2,500 வரைதான். வெறும் இயந்திரப் பழுதுக்கு அதுவும் கிடைக்காது. கூடுதல் இழுவைக் காப்பை பாலிசி எடுக்கும்போதே சேர்க்க வேண்டும்.