மறுமலர்ச்சிக் காலக் கண்டுபிடிப்பாளரைப் பற்றிய பழைய வரலாற்றுப் படங்களில் எதைப் பார்க்கலாம்?

என் ஓட்டு, இத்தாலிய அரசுத் தொலைக்காட்சியான ராய் 1971-இல் ஒளிபரப்பிய 'லியோனார்டோ டா வின்சியின் வாழ்க்கை'க்குத்தான். கறாராகச் சொன்னால் அது திரைப்படமல்ல, ஐந்து பாகத் தொடர். ஆனால் இயக்கியவர் ரெனாட்டோ காஸ்டெல்லானி, 1954-இல் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வென்றவர்.

தொடக்கக் காட்சியிலேயே நான் விழுந்துவிட்டேன். பிரான்ஸில் கிழவர் லியோனார்டோ மரணப் படுக்கையில் கிடக்கிறார். மன்னர் முதலாம் பிரான்சுவா வந்து தாங்கிக்கொள்ள, அவர் கைகளிலேயே உயிர் பிரிகிறது. நமக்குக் கண் கலங்கும் நேரம் பார்த்து, இந்தக் காலத்துக் கோட்டு போட்ட ஒருவர் குறுக்கே வந்து, இது ஓவியர்களின் வாழ்க்கையை எழுதிய வசாரி எழுதிவைத்த கதை, நம்ப வேண்டாம் என்கிறார்! லியோனார்டோ இறந்தது 1519 மே 2. மறுநாள் தேதியிட்ட அரசாணையோ, குதிரையில் இரண்டு நாள் வழியிலிருந்த சாங் ஜெர்மாங்கில் பிறப்பிக்கப்பட்டது; அப்படியிருக்க மன்னர் படுக்கையருகே இருந்திருப்பாரா என்பதுதான் சந்தேகம். அந்தக் கோட்டுக்காரர் ஜூலியோ பொசெத்தி; ஆவணம் எது, கட்டுக்கதை எது என்று தொடர் முழுக்கப் பிரித்துக் காட்டுகிறார். நாயகனைத் தூக்கிப் பிடிக்கவே எடுக்கப்படும் வாழ்க்கைப் படங்களில் இந்த நாணயத்தை நான் அதிகம் கண்டதில்லை.

லியோனார்டோவாக வரும் பிரெஞ்சு நடிகர் பிலிப் லெருவா அதிகம் பேசுவதில்லை, பார்த்துக்கொண்டே இருக்கிறார். அந்த முகத்துக்கு அது போதும். எடுத்த வேலையை முடிக்காதவர் என்ற பெயர் லியோனார்டோவுக்கு உண்டு. ஆனால் எல்லாமே அவர் குற்றமில்லை. மிலானை ஆண்ட லுடோவிகோ ஸ்ஃபோர்சாவுக்காக ஏழு மீட்டர் உயரத்தில் களிமண் குதிரை செய்து முடித்தார். அதை வார்க்க வைத்திருந்த வெண்கலம் 1494-இல் பீரங்கிக்குப் போய்விட்டது. 1499-இல் ஊரைப் பிடித்த பிரெஞ்சு வில்லாளிகள் அந்தக் களிமண் குதிரையை அம்பெய்து பழகும் இலக்காக்கிச் சிதைத்தார்கள். இதையெல்லாம் தெரிந்துகொண்டு பார்த்தால் லெருவாவின் மௌனம் இன்னும் கனக்கும்.

பறக்கும் இயந்திரத்தை மட்டும் எதிர்பார்த்து உட்காராதீர்கள். அரண்மனை அரசியலும் ஓவியக்கூடமுமே நிறைய இடம் பிடித்திருக்கின்றன. நடை மெதுவானது. நாளுக்கு ஒரு பாகம் போதும்; ஒரே மூச்சில் ஐந்தையும் பார்த்தால் தூக்கம் வரும், சொல்லிவிட்டேன்.