நிறமா, நாடா, மதமா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஐரோப்பாவில் முஸ்லிம்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக எழுதியிருந்தீர்கள். குடியேறிகள் எல்லாருக்கும் நேர்வதுதானே இது? மதம்தான் காரணம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

ச.ம., திருச்சி

அன்புள்ள ச.ம.,

பிரான்ஸில் ஒரு மொராக்கோக்காரருக்கு வேலை கிடைக்காவிட்டால், காரணம் நிறமா நாடா மதமா என்று பிரிக்க முடியாது. மூன்றும் ஒரே ஆளிடம் இருக்கின்றன. அதனால்தான் 2010இல் வெளியான ஓர் ஆய்வுக்கு ஆதிதா, லைட்டின், வல்ஃபோர் மூவரும் செனகல் வம்சாவளியினரை எடுத்துக்கொண்டார்கள். அங்கே செரர் இனத்தில் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் உண்டு, குடும்பப்பெயர் ஒன்றே. மரி டியூஃப், கதீஜா டியூஃப் என்ற இரு கற்பனைப் பெண்களின் பெயரில் பிரெஞ்சு நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் போயின. தகுதி சமம். மரி முன்பு வேலை பார்த்தது கத்தோலிக்கத் தொண்டு நிறுவனத்தில், கதீஜா இஸ்லாமியத் தொண்டு நிறுவனத்தில். மரிக்கு நூற்றுக்கு 21 நேர்காணல் அழைப்புகள், கதீஜாவுக்கு 8. நிறமும் நாடும் ஒன்றாக இருந்தும் இந்த வித்தியாசம்.

என்னை இன்னும் உலுக்கியது டோரிஸ் வைக்செல்பாவ்மர் 2016இல் வெளியிட்ட ஜெர்மன் ஆய்வு. அங்கே விண்ணப்பத்தோடு புகைப்படம் வைப்பது வழக்கம். முகம் மாறினால் முடிவும் மாறலாம் என்பதால் எல்லாவற்றிலும் ஒரே பெண்ணின் படம். சாண்ட்ரா பாவர் என்ற ஜெர்மன் பெயருக்கு 18.8 சதவீத அழைப்பு. மெரியம் ஓஸ்துர்க் என்ற துருக்கியப் பெயர் என்றால் 13.5. அதே மெரியம் ஹிஜாப் அணிந்திருந்தால் 4.2. சாண்ட்ராவுக்குக் கிடைக்கும் அளவு அழைப்பு வர, அவள் நாலரை மடங்கு விண்ணப்பம் போட வேண்டும். செயலர் வேலையைவிடத் தலைமைக் கணக்காளர் வேலையில் இடைவெளி இன்னும் அதிகம். படித்து மேலே வந்தால் எல்லாம் சரியாகும் என்போர் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த எண்கள் தனியொரு பெண்ணின் வழக்குக்குப் போதாது. மறுப்புக் கடிதம் கனிவாகவே வரும், காரணம் இருக்காது. ஜெர்மனியின் 2006ஆம் ஆண்டுச் சமத்துவச் சட்டப்படி, பாகுபாட்டுக்கான அறிகுறிகளை அவள் காட்டினால் போதும். அப்படி நடக்கவில்லை என்று நிரூபிப்பது நிறுவனத்தின் பொறுப்பாகிவிடும். ஆனால் மறுப்பு கிடைத்த 2 மாதத்துக்குள் இழப்பீட்டை எழுத்தில் கேட்டாக வேண்டும். பலர் தவறவிடுவது இந்தக் கெடுவைத்தான்.

யாரை வேலைக்கு எடுத்தார்கள் என்று சொல்ல நிறுவனத்துக்குக் கடமையில்லை என 2012இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எந்தத் தகவலும் தர மறுப்பதையே ஓர் அறிகுறியாக எடுத்துக்கொள்ளலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆகவே எழுதிக் கேட்பது வீணல்ல. வேலை விளம்பரத்தையும் முதல் நாளே படியெடுத்து வைக்க வேண்டும். ஆள் எடுத்ததும் அதை நீக்கிவிடுவார்கள்.