‘இனி கவனமாக இருப்பேன்’ – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆம்புலன்ஸ் பணிக்கான அவசர மருத்துவப் பயிற்சியில் இருக்கிறேன். வாரம் ஒரு கேஸைப் பற்றி, நடந்ததைத் திரும்பிப் பார்த்து யோசிக்கும் மீள்சிந்தனைக் குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும். கிப்ஸ் சுழற்சி என்ற படிவத்தின் ஆறு தலைப்புகள், அதற்கு மதிப்பெண். போன மாதம் இதயம் நின்றுபோன ஒரு பெரியவரை எங்களால் காப்பாற்ற முடியவில்லை. மனதில் இருந்ததையெல்லாம் எழுதினேன். ‘உணர்வுகள் பகுதி போதாது’ என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார்கள். இப்போது அவர்களுக்குப் பிடித்த மாதிரி எழுதிக் கொடுத்துவிடுகிறேன், நல்ல மதிப்பெண் வருகிறது. இதைவிட நல்ல படிவம் இருக்கிறதா? எழுதியது நாளைக்கு நமக்கே எதிராகத் திரும்பும் என்றும் நண்பர்கள் சொல்கிறார்கள். சமீபத்திய குறிப்பை இணைத்திருக்கிறேன்.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

இந்தக் குறிப்புகளுக்கு மதிப்பெண் போடுவதைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்து உட்கார வைத்துவிட்டது.

படிவம் எதுவானாலும் சரி. கல்வி ஆய்வாளர் கிரஹாம் கிப்ஸ் 1988-ல் ஆறு படிகள் வைத்தார். 1970-லேயே கல்வியாளர் டெர்ரி போர்ட்டன் மூன்று கேள்விகளோடு நிறுத்திக்கொண்டார்: என்ன, அதனால் என்ன, இனி என்ன. இரண்டிலும் உண்மையாகவும் எழுதலாம், ஒப்புக்கும் எழுதலாம்.

‘அவர்களுக்குப் பிடித்த மாதிரி எழுதிக் கொடுத்துவிடுகிறேன்’ என்கிறீர்களே, அதைப் படித்ததும் கோபம் வந்தது. நாளைக்கு ஓர் உயிரைக் கையில் வாங்கப் போகிறவர் நீங்கள். நடந்ததை நடந்தபடி சொல்லும் பழக்கம் இப்போதே விட்டுப்போனால், நோயாளியை ஒப்படைக்கும்போது மருத்துவரிடம் எதைச் சொல்வீர்கள்? உங்களை அந்த நிலைக்குத் தள்ளியவர்கள் மேல் இன்னும் அதிகக் கோபம். ஒரு பிள்ளையின் துக்கத்தைப் படித்துவிட்டு ‘போதாது’ என்று எழுத எப்படிக் கை வருகிறது?

இணைத்திருந்த குறிப்பின் கடைசி வரிக்கு வருகிறேன். ‘இனி கவனமாக இருப்பேன்.’ பயிற்சியாளர்களுக்கு மிகவும் பிடித்த வரி இது. பணிவாக இருக்கிறது, படிப்பவருக்கும் திருப்தி. ஆனால் யோசனையை அதோடு இழுத்து மூடிவிடுகிறது. நீங்கள் கவனமில்லாமல் இருந்தீர்கள் என்று யார் சொன்னது? கவனம் வேறெங்கோ இருந்தது. எங்கே இருந்தது என்பதைத்தான் எழுத வேண்டும்.

நீங்கள் எழுதிய கேஸையே எடுத்துக்கொள்வோம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை மார்பை அழுத்த வேண்டும், நாடி பார்க்க 10 நொடிக்கு மேல் நிறுத்தக்கூடாது என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் கழுத்தில் விரலை வைத்துத் தேடும்போது நேரம் போவது தெரியாது. ஐந்து நொடிதான் ஆனது என்று சத்தியம் செய்வோம், இதயத்துக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் டிஃபிப்ரிலேட்டர் கருவியின் பதிவு இருபதைத் தாண்டிக் காட்டும். ‘கவனமாக இருப்பேன்’ என்பதால் அந்த இடைவெளி ஒரு நொடிகூடக் குறையாது. ‘நான் நாடி பார்க்கும்போது பக்கத்தில் இருப்பவர் சத்தமாகப் பத்து வரை எண்ணுவார்’ என்று எழுதினால் குறையும்.

எனக்குப் பயிற்சி கொடுத்தவர் படிவம் எதுவும் வைத்துக்கொண்டதில்லை. நோயாளியை ஒப்படைத்துவிட்டு ஸ்ட்ரெச்சரைத் துடைத்துக்கொண்டே, ‘கதவு திறந்ததும் முதல்ல எதைப் பாத்தே?’ என்பார். ஒருமுறை மூச்சுத் திணறிய ஒரு பாட்டியை ஏற்றி வந்தோம். என்னோடு இருந்தவன் ‘பாட்டியை’ என்றான். அவர் மறுபடி அதையே கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவன், ‘மேஜை மேல இருந்த இன்ஹேலரை’ என்றான். அங்கேயே அவன் மனதில் ஆஸ்துமா என்று முடிவாகிவிட்டது. அப்புறம் கேட்ட கேள்வியெல்லாம் அதையொட்டித்தான். பாட்டியின் இரண்டு காலும் வீங்கியிருந்ததை வண்டி கிளம்பிப் பாதி வழியில்தான் பார்த்தான். இதயம் பலவீனமானாலும் இழுப்புச் சத்தம் வரும் என்று அவன் தேர்வில் எழுதியவன்தான். அவர் திட்டவில்லை. இதேபோல் தான் ஏமாந்த ஒரு கேஸைச் சொன்னார், அவ்வளவுதான்.

வேலை நடக்கும்போதே யோசிப்பது, முடிந்தபின் யோசிப்பது என்று அமெரிக்கச் சிந்தனையாளர் டொனால்ட் ஷோன் 1983-ல் பிரித்துக் காட்டினார். வண்டிக்குள் முதலாவதற்குக் கிடைப்பது சில நொடிகள். இன்ஹேலரைப் பார்த்த அந்தக் கணத்தைப் பின்னால் நிதானமாகத் தோண்டிப் பார்த்தவனுக்குத்தான் அடுத்த வீட்டில் ‘பொறு, காலைப் பார்’ என்று உள்ளே ஒரு குரல் கேட்கும். மதிப்பெண்ணுக்கு எழுதுகிறவன் இன்ஹேலரைப் பற்றி மூச்சுவிட மாட்டான். அதனால்தான் பயிற்சி கொடுப்பவர்களுக்குச் சொல்கிறேன்: எழுதினானா என்று மட்டும் பாருங்கள், எண் போடாதீர்கள். பயிற்சியாளர் தன் குறிப்பை முதலில் வாசித்துக் காட்டட்டும். அதைச் செய்யாதவருக்கு மாணவனின் குறிப்பைக் கேட்க உரிமை இல்லை.

நண்பர்களின் பயம் வெறும் பயமல்ல. 2018-ல் பிரிட்டனில் ஒரு பயிற்சி மருத்துவர் மீதான வழக்கையொட்டி இதே பயம் அங்கே பரவியது. விசாரணைக்காக இத்தகைய குறிப்புகளைக் கேட்க மாட்டோம் என்று மருத்துவ கவுன்சில் சொன்னது. நீதிமன்றம் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். ஆகவே நோயாளியின் பெயர், முகவரி, அடையாளம் எதுவும் குறிப்பில் வேண்டாம். நடந்த சிகிச்சை விவரம் கேஸ் தாளில் முழுதாக இருக்கட்டும்.

அந்தப் பெரியவரை நினைத்துத் தூக்கம் வராமல் இருந்தால், அதற்குக் குறிப்பெழுதுவது மருந்தல்ல. மனநல ஆலோசகரைப் பாருங்கள், தள்ளிப் போடாதீர்கள். ‘போதாது’ என்று திரும்பி வந்த அந்தப் பக்கங்களைக் கிழித்துவிடாதீர்கள். அன்று உங்களோடு மாறி மாறி மார்பை அழுத்தினாரே, அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.